விளக்குக்காரி ஏன் அப்படிச் சொன்னாள்

பிள்ளைக் காம்பராவின் உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். ஒவ்வொரு தொட்டிலிலிருந்தும் ஒரு கயிறு. அந்தக் கயிறுகளெல்லாம் வந்து முடியும் இடத்தில் என் அக்காவின் கால் பெருவிரல்கள். அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் முகம் வருவதில்லை, அந்தக் கால்கள்தான் வரும். சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி, பெடல் மிதிப்பதுபோல மாறி மாறி அசைத்துக்கொண்டிருப்பாள். இடது கால் போனால் ஒரு பக்கத்துப் பிள்ளைகள் ஆடும், வலது கால் போனால் மறுபக்கத்துப் பிள்ளைகள் ஆடும். மடியில் அட்டையில்லாத ஒரு தடித்த புத்தகம் விரிந்திருக்கும். எங்கள் தோட்டத்தில் ஒரு நாவலைக் காலால் படித்த ஒரே ஆள் என் அக்காதான் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன ஒவ்வொரு முறையும் சிரிப்பு வந்தது. அக்கா போய் ஒரு வருஷமாகப் போகிறது. இப்போதும் சொல்கிறேன், கேட்பவர்கள் சிரிக்கிறார்கள்.

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுச்செல்லும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. வாசல் பலகையில் அதற்கு நீளமான ஓர் அரசாங்கப் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, பிள்ளையை இங்கே இறக்கிவிட்டு, மலைக்கு ஏறுவார்கள். நடுக்காலையில் பால் கொடுக்கவென்று இறங்கி வருவார்கள். பிள்ளை குடித்து முடிக்கும் நேரம்தான் அந்தப் பெண்களுக்கு முழு நாளிலும் உட்காரக் கிடைக்கும் நேரம். அக்கா அங்கே ஆயாவாக இருந்தாள். பால் குடிக்கும் அந்த நேரத்தில் அம்மாக்களுக்குக் கதை சொல்வது அவளாகச் சேர்த்துக்கொண்ட உத்தியோகம்.

புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான். ஹட்டன் – நுவரெலியா பஸ்ஸில் நான் கண்டக்டர். பின் சீட்டில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகாத பொருள் உலகத்தில் கிடையாது. குடை, சாப்பாட்டுப் பெட்டி, ஒருதடவை காகிதத்தில் சுற்றிய பல் செட். இந்தப் புத்தகமும் அப்படிக் கிடைத்ததுதான். உரியவர் வந்து கேட்டால் கொடுப்பதற்காகப் பல நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பல்லைத் தேடி ஆள் வந்தார். புத்தகத்தைத் தேடி யாரும் வரவில்லை. அட்டையும் முதல் பக்கங்களும் போயிருந்ததால் கதைக்குப் பெயர் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. கடைசிப் பக்கத்தில் 'முதல் பாகம் முற்றிற்று' என்று மட்டும் இருந்தது. நான் அதை பஸ் தலவாக்கலையில் நிற்கும் நேரங்களில் படித்து முடித்துவிட்டு, பெரிய இலக்கியவாதியாகிவிட்ட தோரணையில் அக்காவிடம் கொடுத்தேன்.

அப்போது என் மனைவி குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். மகளுக்குப் பல் முளைப்பதற்கு முன்னால் போனவள். நான் விடியுமுன்னே பஸ்ஸுக்குப் போகிறவன், ஆகவே மகள் தொட்டிலிலிருந்தே அக்காவின் கால் கயிற்றில் வளர்ந்தாள். பகலில் பிள்ளைக் காம்பராவில், இருட்டினால் லயத்து வரிசையில் எங்களுக்கு அடுத்த அக்காவின் அறையில். பேச்சு வந்ததும் அவள் அக்காவைத்தான் அம்மா என்றாள். பெற்றவளுக்கு 'போன் அம்மா' என்று பெயர். என்னை 'பஸ்' என்று கூப்பிட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. அக்காவுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. அது தன் முதல் மழைக்காலத்தைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு அவள் புருஷன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார், அங்கேயே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். இதையெல்லாம் அக்கா பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

இனி அந்தக் கதையைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. மலைகள் இரவில் எழுந்து நடக்கும் ஒரு தேசம். நேற்றுப் பக்கத்து வீடாக இருந்தது விடிந்து பார்த்தால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும். நடக்கும் மலைகள் குடிசைகளை மிதித்துவிடாமல் இருக்க, அவற்றுக்கு முன்னால் ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி போகவேண்டும். அவள்தான் விளக்குக்காரி. ஓர் இரவு அரண்மனை இருந்த மலை சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட, ராணி மலையோடு போய்விடுகிறாள், கைக்குழந்தையான இளவரசன் இந்தப் பக்கம் தங்கிவிடுகிறான். விளக்குக்காரி அவனை எடுத்து வளர்க்கிறாள். மலைகளை எழுப்பும் பாட்டைக்கூட அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். பல வருஷம் கழித்து அரண்மனை மலை திரும்பி வருகிறது. ராணி பிள்ளையைக் கேட்கிறாள். அந்த நாட்டுச் சட்டப்படி யாரோடு போவது என்று பிள்ளைதான் சொல்லவேண்டும். பையன் சபை நடுவில் விளக்குக்காரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, இவள்தான் என் அம்மா என்கிறான். அவளோ அவன் கையைப் பிரித்து எடுத்துவிட்டு, நான் உன் அம்மா இல்லை, கூலிக்கு வளர்த்தேன் என்று சொல்லி, விளக்கை ஊதி அணைத்துவிட்டு இருட்டுக்குள் போய்விடுகிறாள். முதல் பாகம் முற்றிற்று.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள்? இந்த ஒரு கேள்வியில் எங்கள் தோட்டம் ஒரு மழைக்காலம் முழுவதும் கிடந்தது. ஹட்டனில் புத்தகம் விற்கும் பாயிடம் போய், மலை நடக்கிற கதையின் இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இங்க நடக்காத மலைதான் தம்பி இருக்கு, வெளிய போய்ப் பாருங்க" என்றார். இரண்டாம் பாகம் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆகவே விடையை நாங்களேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பிள்ளைகள் பால் குடிக்க, அம்மாக்கள் வழக்கு நடத்தினார்கள். மூன்று பிள்ளைக்காரி ஒருத்தி, "ஒண்ணு போனா நிம்மதின்னு நினைச்சிருப்பா, என்னையக் கேளுங்க" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். தலைச்சன் பிள்ளையை வைத்திருந்த சின்னவள், மலைகள் விளக்குக்காரியின் நாக்கைக் கட்டிவிட்டன, அவள் பேசவில்லை, மலைதான் பேசியது என்று கண்கலங்கச் சொன்னாள். வாய்க்கொழுப்புக்குப் பேர்போன மேட்டு லயத்துக்காரிக்கு, பக்கத்து மலையில் விளக்குக்காரிக்கு ஓர் ஆள் இருக்கவேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. பெண்களை மறுபடி மலைக்கு விரட்ட வரும் கங்காணி, விரட்டுவதை மறந்து அரைக்கதவில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டுவிட்டு, ஒருநாள் தன் தீர்ப்பையும் சொன்னார். "வளத்ததுக்குச் சம்பளம் ஒழுங்காக் குடுத்திருக்க மாட்டாங்க. அந்தக் கோவம்." அதற்கு உள்ளிருந்து வந்த பதிலை எழுதமுடியாது. அதன்பின் அவர் கொஞ்ச நாள் கதவுக்கு வரவில்லை.

எனக்கு இதையெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருந்தது. காரணம், புத்தகத்தில் விடை இருந்தது. இருந்ததாக நான் நம்பினேன். கதையின் நடுவில் ஓர் அத்தியாயம் உண்டு. அரண்மனை மலை கிளம்பிய அந்த இரவில், ராணியின் பல்லக்குக்கு வெளிச்சம் காட்டும்படி விளக்குக்காரிக்குக் கட்டளை வருகிறது. அவள் போகிறாள். விளக்கில்லாத இருட்டில் இன்னொரு மலை அவளுடைய குடிசையை மிதித்துவிடுகிறது. உள்ளே அவளுடைய சொந்தக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இதைப் படித்தவனுக்கு மற்றது தானாக விளங்கும்: பழிவாங்கத்தான் அவள் பையனை வளர்த்தாள், மலையை எழுப்பும் பாட்டைச் சொல்லிக்கொடுத்து, மனசை உடைத்து, அரண்மனைக்குள் அனுப்பிவைத்தாள். இரண்டாம் பாகத்தில் அரண்மனை காலி. இவ்வளவு சுலபமான கணக்கை இந்தப் பெண்களால் ஏன் போடமுடியவில்லை என்று நான் வியந்துகொண்டிருந்தேன். அறிவாளிகளுக்கு இந்த மாதிரி வியப்பு அடிக்கடி வரும்.

லீவு நாள் ஒன்றில் பிள்ளைக் காம்பராவுக்குப் போய், வாசற்படியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "விளக்குக்காரியோட சொந்தப் பிள்ளைக்கு என்ன நடந்துச்சுன்னு யோசிச்சீங்களா" என்று ஆரம்பித்தேன். அக்காவின் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் நின்றன. அத்தனை தொட்டிலும் நின்றதில் அத்தனை பிள்ளையும் அழுதது. அந்தக் களேபரத்தில் என்னை விறகு எடுத்துவர அனுப்பிவிட்டாள். விறகுக் கொட்டிலுக்கு என் பின்னாலேயே வந்தாள்.

"அதச் சொல்லல நான் அவளுகளுக்கு" என்றாள்.

"எதையக்கா?"

"பிள்ள செத்தத. பால் குடுக்கிற எடத்துல அந்தப் பேச்சு எடுக்கப்பிடாதுன்னு ஒனக்குத் தெரியாது? தாய்க்காரிக்குப் பால் மரத்துப் போயிரும்."

எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த கட்டுப்பாடு அது. பஸ்ஸில் வளர்ந்த எனக்கு நினைவில்லை. அந்த அத்தியாயம் வந்த நாளில் அக்கா பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, விளக்குக்காரிக்குப் பிள்ளையே இல்லாததுபோலக் கதையை ஒட்டித் தைத்திருக்கிறாள். திறவுகோலை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, பூட்டை மட்டும் அவர்கள் கையில் கொடுத்திருக்கிறாள். அவர்களும் பாவம், மழைக்காலம் முழுக்க அந்தப் பூட்டை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. அப்படியானால் பழிவாங்கத்தான் என்பது உனக்கும் தெரியும்தானே என்று கேட்டேன். அவள் விறகை என் கையில் அடுக்கிக்கொண்டே, "பிள்ளையப் பறிகுடுத்தவ இன்னொரு பிள்ளைய வச்சுப் பழி வாங்குவாளாக்கும்" என்றாள். அவளுக்குக் கதை அறிவு போதாது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

மகள் இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தபோது என் மனைவி திரும்பி வந்தாள். நான் பஸ்ஸை விட்டுவிட்டு விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவந்தேன். பொம்மை, கவுன், வாசனைச் சவர்க்காரம் என்று ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். மகள் பொம்மையை வாங்கிக்கொண்டு, "தேங்ஸ் ஆன்ட்டி" என்றாள். கொழும்பிலிருந்து வரும் யாரோ ஒருவரிடம் சொல்வதுபோல, மிக மரியாதையாக. நான் ஒரு பகடி விட்டுப் பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே யாரும் சிரிக்காத பகடி அதுதான்.

நாட்கள் போயின. பிள்ளை எங்கள் அறைக்கு வருவதில்லை. வந்தால் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சோறு அக்கா கையால்தான், தூக்கம் அக்கா பக்கத்தில்தான். தலை பின்னிவிட மனைவி சீப்போடு கூப்பிட்டால் அக்காவின் சேலைக்குப் பின்னால் மறைவாள். குவைத்தில் யாரோ ஒருவருடைய பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்துவிட்டு வந்தவள் என் மனைவி. தன் பிள்ளையின் தலையைத் தொடமுடியவில்லை. அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். அவள் பேசாமல் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். ஒருநாள், ஏஜென்சிக்காரர் ஹட்டனுக்கு எப்போது வருவார் என்று என்னிடம் கேட்டாள். மறுபடி போகிறேன் என்று அர்த்தம். அங்கே இருக்கும் பிள்ளையாவது தன்னை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்றாள். அவள் ஏஜென்சிக்காரரைப் பற்றிக் கேட்டது இடைச்சுவர் வழியாக அக்காவுக்கும் கேட்டிருக்கும். லயத்துச் சுவர்களைத் தாண்டாத பேச்சு கிடையாது.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. பஸ்ஸில் இருந்தேன். பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டிருந்த ஒருநாள், பால் கொடுக்கும் நேரம். அம்மாக்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மகள் வெள்ளைக் கவுனோடு ஓடிவந்து, அரைக்கதவுக்கு வெளியே நின்று, அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள். அக்கா எழுந்து கதவுக்குப் போயிருக்கிறாள். எப்போதும் திறக்கும் கதவைத் திறக்கவில்லை.

"யாருடி ஒனக்கு அம்மா? நான் காம்பரா ஆயா. தோட்டத்துல சம்பளம் வாங்கிக்கிட்டு எல்லார் பிள்ளையையும் பாக்குற மாதிரித்தான் ஒன்னையும் பாத்தேன். ஒங்கம்மா ஒங்க வீட்டுல இருக்கா. அங்க போ. இனிமே இங்க வந்து நிக்காத."

பிள்ளை கதவைப் பிடித்திருந்ததாம். அக்கா அந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டாளாம். பிள்ளை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, புத்தகப் பையைத் தரையில் இழுத்துக்கொண்டே லயத்துப் பக்கம் போனாள். அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது என் மனைவியின் மடியில் படுத்து ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தாள். என் மனைவி பயத்தோடு, உடைந்துவிடும் பாத்திரத்தைத் தொடுவதுபோல, அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே அக்காவிடம் போனேன். அவள் பீலிக்கரையில் விழும் தண்ணீரில் பிள்ளைகளின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். என் மனைவி வந்தது உனக்குப் பொறுக்கவில்லை, அந்த எரிச்சலைப் பச்சைப் பிள்ளைமேல் காட்டியிருக்கிறாய் என்று, கேட்கக்கூடாத தொனியில் கேட்டேன். கதாபாத்திரங்களின் உள்நோக்கத்தைக் கண்டுபிடிப்பதில் எனக்கு இருந்த பயிற்சி அப்படி. அக்கா நிமிரவில்லை. "துணி காயணும் தம்பி, வழிய விடு" என்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மேட்டு லயத்துக்காரி ஏறினாள், பிள்ளைக்குக் கிளினிக். வழக்கமாக அவள் ஏறினால் பஸ்ஸே கலகலக்கும். அன்று வாய் திறக்கவில்லை. நான்தான் வம்புக்கு, இன்றைக்கு விளக்குக்காரி வழக்கு எந்த மட்டில் நிற்கிறது என்று கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பேச்ச விடுங்கண்ணே. இனிமே ஆயாகிட்ட அதக் கேக்கக் கூடாதுன்னு நேத்தே எல்லாரும் பேசிக்கிட்டோம்" என்றாள். டிக்கெட்டை மடித்துக்கொண்டே, "நீங்க போனதுக்கப்புறம் ஆயா சாப்பிடவே இல்லையாம்" என்றாள்.

எனக்கு விளங்க அந்தத் தூரம் போதுமாயிருந்தது. தலவாக்கலைக்கு இறங்கவேண்டிய ஆட்களுக்கு மணி அடிக்க மறந்துபோனேன். பஸ் டவுனைத் தாண்டி ஓடியது. சிங்களத்திலும் தமிழிலும் எனக்குக் கிடைத்த வசவுகளில் பாதி புதிதாக இருந்தது. டிரைவர் அண்ணன் திரும்பி, "என்னடா தூங்கிட்டியா" என்றார். ஆமாம் என்றேன்.

சாயந்தரம் அக்காவின் வாசலில் போய் நின்றேன். அவள்தான் பேசினாள். "பிள்ள ராத்திரி ஒங்க வீட்டுலதான தூங்குச்சு?" ஆமாம் என்றேன். "சோறு?" அவள் அம்மா ஊட்டினாள் என்றேன். "ம்." பிறகு, "ஒரு நாளும் பிள்ளகிட்ட உண்மையச் சொல்லித் தொலைச்சிறாத. சொன்னா திரும்பி ஓடியாந்துருவா. என்னால இன்னொருக்காச் சொல்ல முடியாது" என்றாள். சத்தியம் செய் என்று கேட்கவில்லை. நானாகச் செய்தேன்.

என் மனைவி போகவில்லை. பெட்டி அலுமாரிக்கு மேல் ஏறியது, அரிசி மூட்டைக்கு முக்காலியானது. மகள் அவளை அம்மா என்றாள், அக்காவை அத்தை என்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அக்கா. தீபாவளிக்குப் பலகாரத் தட்டு போகும், வரும். "அத்தை, அம்மா குடுத்தாங்க." "வை. படிக்கிறியா ஒழுங்கா?" "படிக்கிறேன் அத்தை." இதற்குமேல் அவர்களுக்குள் ஒரு பேச்சும் நான் கேட்டதில்லை. பிள்ளைக் காம்பராவில் வேறு கதைகள் வந்தன. நான் கொண்டுவந்த பேய்க் கதைகள், துப்பறியும் கதைகள். மலை நடக்கும் கதையை மட்டும் அக்கா மறுபடி எடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

போன வருஷம் அக்காவை டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகள் கல்வியியற் கல்லூரியிலிருந்து லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். அவளும் அவள் அம்மாவும் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்கள். அக்கா மகளைப் பார்த்தாள். ஆனால் என் மனைவியிடம்தான் பேசினாள். "பிள்ள ஏன் இப்படி எளைச்சுப் போயிருக்கா? ஹாஸ்டல்ல சோறு சரியில்லையா?" "ஆமா மதினி, நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் இவள். மகள் கட்டில் கம்பியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் அக்காவைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தோம், பெட்டியில். அந்தக் காம்பராவில் பால் குடித்து வளர்ந்து, கொழும்புக் கடைகளிலும் தேயிலை மலைகளிலுமாகச் சிதறிப்போயிருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் வந்து தோள் கொடுத்தார்கள். எனக்கு இடம் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது.

போன மாதம் அக்காவின் அறையை ஒழித்துக்கொடுக்கச் சொன்னார்கள், வேறு குடும்பத்துக்கு வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் சாமான்களைக் கட்டினோம். கட்டும்போது நான் வழக்கம்போல வளவளவென்று பேசிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு போர்வையை மடித்துக்கொண்டே, தலைநிமிராமல் கேட்டாள்.

"அத்தை அன்னைக்குச் சொன்னது பொய்தானேப்பா?"

எந்த விஷயத்துக்கும் ஒரு பகடி வைத்திருப்பவன் என்று இந்தப் பாதையில் எனக்குப் பெயர். ஏற்கெனவே கட்டியிருந்த மூட்டைக்கு இன்னொரு முடிச்சுப் போட்டேன். செத்துப்போனவளுக்குச் செய்த சத்தியம் எவ்வளவு காலம் செல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"தெரியும்" என்றாள்.

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"சின்னதுல நம்பிட்டேன். நம்பித்தான் அம்மாகிட்டப் போனேன். நான் பெரிய பிள்ளையானப்ப எனக்குத் தண்ணி ஊத்தினாங்கள்ல? அத்தை வரவே மாட்டேன்னாங்க, புருஷன் இல்லாதவ ஊத்தக்கூடாதுன்னு. அம்மாதான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, மொதல்ல மதினிதான் ஊத்தணும்னாங்க. அத்தை என் தலையில கைய வச்சாங்கப்பா. அந்தக் கை நிக்கவே இல்ல, அப்படி ஆடுச்சு. அப்ப விளங்கிருச்சு."

"அப்பவே அம்மான்னு கூப்பிட்டிருக்கலாமேம்மா" என்றேன்.

"எப்படிப்பா கூப்பிடுறது? அத்தனை பேர் முன்னாடி அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னாங்க. நான் நம்பலன்னு தெரிஞ்சா அவங்களுக்கு என்ன மிச்சம்? நான் நம்புறேன்னு நினைச்சுக்கிட்டாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்." போர்வையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "ஆஸ்பத்திரியில கூப்பிடணும்னுதான் வந்தேன். அம்மா பக்கத்துலயே நின்னாங்க."

இவ்வளவு காலமும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நடித்தாள், இந்தப் பக்கம் ஒருத்தி நடித்தாள். நடுவில் நான் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அப்போதுதான் மனைவி தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, என்ன குசுகுசுப்பு என்று கேட்டாள். மகள் கண்ணைத் துடைக்கவில்லை; துடைத்தால் தெரிந்துவிடும். "அந்தப் பழைய மலைக் கதையப் பத்தித்தாம்மா. விளக்குக்காரி ஏன் அப்படிச் சொன்னான்னு அப்பாகிட்டக் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. அத்தையின் கைவேலை அப்படியே இருந்தது.

தோட்டமே கேட்ட அந்தக் கதையைக் கேட்காதவள் என் மனைவி மட்டும்தான். அவள் அப்போது குவைத்தில். "எனக்கும் ஒருக்காச் சொல்லுங்களேன்" என்று, கட்டி வைத்த மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். தப்பிக்க வழியில்லை. சொன்னேன். மலைகள் நடக்கும் இடத்தில் எழுந்து நடந்து காட்டினேன், குடிசைக்காரர்கள் ஓடுவதைச் செய்து காட்டினேன். அரண்மனை மலை கிளம்பிய இரவு வந்ததும், என் வாய் தானாக அந்த ஒரு அத்தியாயத்தைத் தாண்டிக்கொண்டு போய்விட்டது. விளக்குக்காரியின் சொந்தப் பிள்ளையைப் பற்றி நானும் சொல்லவில்லை. கடைசியில், விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் போனாள், அதோடு முதல் பாகம் முடிந்தது என்றேன்.

அவள் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தாள். "ராணி என்ன ஆனா?" என்று கேட்டாள்.

"ராணிக்கென்ன. பிள்ளை கிடைச்சிருச்சு."

"அவ ஒண்ணும் கேக்கலையா, விளக்குக்காரிகிட்ட? ஏன் அப்படிச் சொன்னேன்னு?"

அத்தனை பேர், அத்தனை நாள், அத்தனை வழக்குப் பேசியும், ராணியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்றேன்.

"இருக்காது" என்றாள் என் மனைவி. மகளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அக்கா படுத்திருந்த பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிஞ்சுதான் இருந்திருக்கும். ஆனா கேட்டா, பிள்ளையத் திருப்பிக் குடுக்கணுமே."

மகள் இன்னும் குடிக்கவில்லை. நானும் குடிக்கவில்லை. மனைவி எழுந்து தன் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆறிவிடப் போகிறது, குடியுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.